எந்த நாள் பேருரை, தம்பி?

எங்கள் வீட்டு முன்னறையில் சட்டம் போட்ட ஒரு தாள் என் சிறு வயதிலிருந்தே தொங்குகிறது. பச்சை ஓரம், மேலே கஅபா படம், அதற்குக் கீழே ‘நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதிப் பேருரை’ என்று தலைப்பு. “மக்களே! நான் சொல்வதைக் கேளுங்கள். இந்த ஆண்டுக்குப் பின் உங்களைச் சந்திப்பேனா என்பது எனக்குத் தெரியாது” என்று தொடங்கும். உயிர், உடைமை, வட்டி, பழிக்குப் பழி, பெண்கள், அடிமைகள், அரபியர், அரபியல்லாதார் என்று ஒரே மூச்சில் ஓடி, “இறைவா, நீயே சாட்சி” என்று முடியும். நான் எழுத்துக் கூட்டிப் படித்ததே அந்தத் தாளில்தான் என்று உம்மா சொல்வார்கள். எட்டாம் வகுப்பில் மீலாது மேடையில் அதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன்.

போன ஆண்டு எங்கள் மஹல்லா இளைஞர்கள் அதையே புதிதாக அச்சடித்து, ஹஜ் மாதத்தில் ஜும்ஆவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு வரிக்கும் அது எந்த ஹதீஸ் நூலில், அதாவது நபியவர்களின் சொல், செயல்களைத் தொகுத்த எந்த நூலில், இருக்கிறது என்று போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். ஒரு வாரத்தில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார்.

“எந்த நாள் பேருரை, தம்பி? அரஃபாவுல பேசினதா, மினாவுல பேசினதா? மினாவுலயும் ஒரு நாள் இல்லையே.”

எனக்குப் பதில் தெரியவில்லை. அது ஒரே பேருரை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அந்தக் கேள்வியோடு நான்கு மாதம் போனது.

ஹிஜ்ரி 10, அதாவது கி.பி. 632 மார்ச் மாதம். நபியவர்கள் மதீனாவிலிருந்து செய்த ஒரே ஹஜ் அது; விடைபெறும் ஹஜ் என்பார்கள். ஏறக்குறைய மூன்று மாதத்தில் மறைந்துவிட்டார்கள். ஹஜ் மாதமான துல்ஹஜ் 9 அன்று, மக்காவுக்கு வெளியே அரஃபா வெளியில் ஓர் உரை. 10 அன்று மினாவில் இன்னோர் உரை. அதற்கடுத்த மூன்று நாட்களான தஷ்ரீக் நாட்களின் நடுவில் ஒன்று. ஊர் திரும்பும் வழியில், மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையில் கும் என்ற நீர்நிலை அருகே மற்றொன்று. நம் வீட்டுச் சுவரில் தொங்குவது இவற்றில் சிலவற்றிலிருந்து வரி வரியாக எடுத்துத் தைத்த ஒரு துணி. யாரும் கெட்ட எண்ணத்தில் தைக்கவில்லை. ஆனால் தையல் தெரியாதபடி தைத்துவிட்டார்கள்.

சரி, எந்த வரி யார் காதில் விழுந்தது என்று எப்படித் தேடுவது? அதற்கு ஹதீஸ் கலையில் ஸனது என்று ஒன்று இருக்கிறது, அறிவிப்பாளர் தொடர். இவரிடமிருந்து இவர், அவரிடமிருந்து அவர் என்று சொல் கைமாறி வந்த வழி. தொடரில் உள்ள ஒவ்வொருவரும் யார், எப்போது வாழ்ந்தார், நினைவாற்றல் எப்படி, தனக்கு முந்தியவரை உண்மையில் சந்தித்தாரா என்று பார்ப்பார்கள். அப்புறம் ஒரே செய்தியை வெவ்வேறு வழிகளில் வந்ததோடு ஒப்பிட்டு, எந்தச் சொல் எல்லா வழியிலும் இருக்கிறது, எது ஒரு வழியில் மட்டும் இருக்கிறது என்று பார்ப்பார்கள். படிக்கும்போது இது உலர்ந்த கணக்கு மாதிரி தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பைப் படிக்கும் வரை.

அரஃபா உரைக்கு மிக விரிவான சாட்சி அவர்தான். அந்த ஹதீஸ் இமாம் முஸ்லிம் தொகுத்த ஸஹீஹ் முஸ்லிம் என்ற நூலில் இருக்கிறது. பல பக்கம் வரும். அது ஹஜ்ஜில் தொடங்குவதில்லை, ஒரு வீட்டில் தொடங்குகிறது. நபியவர்களின் பேரர் ஹுஸைன் (ரலி) அவர்களின் பேரன் முஹம்மத் அல்பாகிர், இளைஞராக, மற்றவர்களோடு சேர்ந்து ஜாபிரைப் பார்க்கப் போகிறார். ஜாபிருக்கு அப்போது கண் தெரியாது. வந்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவராக விசாரித்து வருகிறார். “நான் அலீயின் மகன் முஹம்மத், ஹுஸைனின் பேரன்” என்று இவர் சொன்னதும் முதியவர் கையை நீட்டி இவர் தலையைத் தொடுகிறார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றுகிறார், கீழ்ப் பொத்தானைக் கழற்றுகிறார், உள்ளங்கையை நெஞ்சில் வைக்கிறார். “வா, என் சகோதரன் மகனே. எது வேண்டுமோ கேள்” என்கிறார். தொழுகை நேரம் வருகிறது. சின்னதாய் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு எழுகிறார். தோளில் போடப் போட முனைகள் நழுவி விழுகின்றன, அவ்வளவு சிறிய துணி. பெரிய மேலாடை பக்கத்திலேயே கொடியில் கிடக்கிறது. தொழுகை முடிந்த பிறகு, நபியவர்களின் ஹஜ்ஜைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இவர் கேட்கிறார். ஜாபிர் விரலால் ஒன்பது காட்டி, “ஒன்பது ஆண்டுகள் ஹஜ் செய்யாமல் இருந்தார்கள்” என்று தொடங்குகிறார்.

கழன்ற பொத்தானையும் நழுவிய துணியையும் அறிவிப்பாளர்கள் ஏன் தூக்கிச் சுமந்து வந்தார்கள்? சட்டம் எதுவும் அதில் இல்லை. கேட்ட இடம், கேட்ட நிலை, சொன்னவர் முகம், எல்லாம் சேர்ந்ததுதான் அவர்களுக்குச் செய்தி. ஜாபிர் கூட்டத்தை எண்ணிக்கையால் சொல்லவில்லை. “எனக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வாகனத்தில் வந்தவர்களும் நடந்து வந்தவர்களும், வலப்பக்கம் அப்படியே, இடப்பக்கம் அப்படியே, பின்னால் அப்படியே” என்கிறார். சுவரில் உள்ள தாளில் ஒரு லட்சத்துச் சொச்சம் என்று போட்டிருக்கிறது. கண்ணால் பார்த்தவரின் கணக்கு எனக்குப் போதும்.

இந்த அறிவிப்பின்படி அரஃபா உரை சுருக்கமானது. உங்கள் உயிரும் உடைமையும் இந்த நாளைப் போல, இந்த மாதத்தைப் போல, இந்த ஊரைப் போலப் புனிதமானவை. இஸ்லாத்துக்கு முந்திய அறியாமைக் காலத்துப் பழிவாங்கல்கள் ரத்து. நான் முதலில் ரத்து செய்வது எங்கள் குடும்பத்து இரத்தப் பழி, ரபீஆ இப்னுல் ஹாரிஸின் மகனுடையது. பனூ ஸஅத் கிளையில் பாலூட்டப்பட்டுக்கொண்டிருந்த அவரை ஹுதைல் குலத்தார் கொன்றார்கள். அறியாமைக் காலத்து வட்டி ரத்து. நான் முதலில் ரத்து செய்வது எங்கள் வட்டி, அப்பாஸ் இப்னு அப்துல் முத்தலிபின் வட்டி. பெண்கள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள். நீங்கள் பற்றிப் பிடித்தால் வழிதவறாத ஒன்றை உங்களிடம் விட்டுச் செல்கிறேன்: அல்லாஹ்வின் வேதம். பிறகு, “என்னைப் பற்றிக் கேட்கப்படும்போது என்ன சொல்வீர்கள்?” என்ற கேள்வி. எடுத்துரைத்தீர்கள், நிறைவேற்றினீர்கள், நலம் நாடினீர்கள் என்று மக்களின் பதில். சுட்டுவிரலை வானத்தை நோக்கி உயர்த்தி, மக்களை நோக்கித் தாழ்த்தி, “இறைவா, நீயே சாட்சி” என்று மூன்று முறை.

அப்பாஸின் பெயரில் நான் நெடுநேரம் நின்றேன். அவர் நபியவர்களின் சிறிய தந்தை. கி.பி. 750க்குப் பின் ஆட்சிக்கு வந்த அப்பாஸிய கலீஃபாக்கள் அவருடைய வழித்தோன்றல்கள். ஆட்சிக்கான உரிமையையே அந்த உறவில்தான் நிறுத்தினார்கள். இமாம் முஸ்லிம் தமது நூலைத் தொகுத்தது அவர்கள் ஆட்சியில். அரச வம்சத்தின் மூதாதையருக்கு வட்டித் தொழில் இருந்தது, அது எல்லோர் முன்பும் ரத்தானது என்ற வரியை அந்தக் காலத்தில் யாரும் புதிதாகப் புனைந்திருக்க மாட்டார்கள். அழிக்கத்தான் ஆசைப்பட்டிருப்பார்கள். அந்த வரி அழியாமல் நம் கைக்கு வந்திருக்கிறது. ஸனதைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவருக்கும் இந்த ஒன்றைக் காட்டலாம் என்று தோன்றியது.

ஆக, அரஃபாவில் “அரபிக்கு அரபியல்லாதாரைவிடச் சிறப்பில்லை” என்ற வரி எங்கே? ஜாபிரின் அறிவிப்பில் இல்லை. மிக உறுதியான ஹதீஸ் தொகுப்புகள் எனப்படும் புகாரியில் இல்லை, முஸ்லிமில் இல்லை. எனக்கு அடிவயிறு கலங்கியது. நம் மேடைகளில் அதிகம் ஒலித்த வரி அதுதான். எத்தனையோ பேர் இந்த மார்க்கத்தை நெருங்கி வந்ததே அந்த வரியைக் கேட்டுத்தான்.

அது இருக்கிறது. முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பில், தஷ்ரீக் நாட்களின் நடுவில் நிகழ்ந்த உரையாக. அபூ நள்ரா என்பவர் சொல்கிறார்: “அந்த உரையைக் கேட்ட ஒருவர் எனக்குச் சொன்னார்.” பெயர் இல்லை. பெயர் தெரியாத ஒருவர் தொடரில் வந்தால் பொதுவாக அந்த ஹதீஸ் நிற்காது. ஆனால் அந்த ஒருவர் நபித்தோழர் என்று உறுதியானால் பெயர் தெரியாதது குறையாகாது என்பது அறிஞர்களின் விதி. இவர் நேரில் கேட்டவர், ஆகவே நபித்தோழர். அடுத்த கண்ணி இன்னும் நுட்பமானது. அபூ நள்ராவிடமிருந்து கேட்டவர் ஸயீத் அல்ஜுரைரீ. நல்ல அறிவிப்பாளர்தான், ஆனால் கடைசிச் சில ஆண்டுகளில் நினைவு தடுமாறிவிட்டது. அப்படியென்றால் அவரிடம் கேட்டவர் எப்போது கேட்டார் என்று பார்க்க வேண்டும். கேட்டவர் இஸ்மாயீல் இப்னு உலய்யா. அவர் தடுமாற்றத்துக்கு முன்னால் கேட்டவர் என்று பதிவு இருக்கிறது. ஒரு முதியவரின் மறதி எந்த ஆண்டில் தொடங்கியது, அதற்கு முன் அவரிடம் உட்கார்ந்தவர்கள் யார், பின் உட்கார்ந்தவர்கள் யார் என்று பட்டியல் எழுதி வைத்த சமூகம் அது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வரியில் இன்னொன்றும் கவனித்தேன். நம் தாளில் வெள்ளையர், கறுப்பர் என்றிருக்கிறது. அரபியில் இருப்பது ‘சிவந்தவர்’, ‘கறுத்தவர்’. வெளுத்த நிறத்தை அரபியர் சிவப்பு என்றே சொல்வார்கள். நாமும் அப்படித்தானே சொல்கிறோம், ‘பெண் நல்ல சிவப்பு’ என்று. தமிழில் மூலச்சொல்லையே வைத்திருக்கலாம், அது இன்னும் உறைத்திருக்கும்.

அடிமைகளைப் பற்றிய வரி வேறு மாதிரி. “நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள்” என்பது இந்த ஹஜ்ஜில் சொன்னதாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அந்தத் தொடரில் உள்ள ஆஸிம் இப்னு உபைதுல்லாஹ்வைப் பலவீனமானவர் என்கிறார்கள். ஆனால் அதே கருத்து அபூதர் (ரலி) வழியாகப் புகாரியில் உறுதியாக இருக்கிறது. அவர் ஒரு மனிதரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்தியபோது, “உன்னிடம் இன்னும் அறியாமைக் காலம் இருக்கிறது, அவர்கள் உங்கள் சகோதரர்கள்” என்று நபியவர்கள் கடிந்த இடம் அது. அறிவுரை அவர்களுடையதுதான், சொன்ன இடம்தான் வேறு. தனியாக ஒரு தோழரை முகத்துக்கு நேராகத் திருத்திய சொல்லை எடுத்துப் பெருங்கூட்டத்தின் மேடையில் மட்டும் வைத்துவிட்டால் அபூதர் காணாமல் போய்விடுகிறார். எனக்கு அது இழப்பாகப் படுகிறது.

மிகவும் கவலையோடு கை வைத்த இடம் வேதத்தோடு சேர்ந்து வரும் அந்த இரண்டாவது சொல். ‘வேதமும் என் ஸுன்னாவும்’, அதாவது என் வழிமுறையும், என்று நம் தாளில் இருக்கிறது. ‘வேதமும் என் குடும்பத்தாரும்’ என்று அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இருவரும் அரஃபா என்றே போடுகிறார்கள். ஜாபிரின் ஸஹீஹான, அதாவது உறுதியான, அறிவிப்பில் வேதம் மட்டுமே இருக்கிறது. ‘ஸுன்னா’ என்பது இமாம் மாலிக்கின் முஅத்தா என்ற நூலில் “எனக்கு எட்டியது” என்ற சொல்லோடு வருகிறது, தொடர் இல்லை, ஹஜ் என்ற குறிப்பும் இல்லை. இப்னு இஸ்ஹாக் எழுதிய நபி வரலாற்றில் இந்த உரைக்குள் வருகிறது. ஹாகிம் தமது முஸ்தத்ரக் என்ற ஹதீஸ் நூலில் அப்பாஸின் மகன் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகத் தொடரோடு தருகிறார்; தந்துவிட்டு, இந்த உரையில் ஸுன்னாவைப் பற்றிய குறிப்பு ‘கரீப்’, அரிதாகத் தனித்து நிற்பது என்று அவரே எழுதுகிறார். ‘குடும்பத்தார்’ என்ற சொல் அரஃபாவில் வருவதாகத் திர்மிதீயின் ஹதீஸ் தொகுப்பில் ஓர் அறிவிப்பு உண்டு. ஆச்சரியம் என்னவென்றால், அதுவும் அதே ஜாபிர், அதே அல்பாகிர், அவர் மகன் ஜஅஃபர் அஸ்ஸாதிக் வழியாகத்தான் வருகிறது. முஸ்லிமின் தொடரில் ஜஅஃபரிடம் கேட்டவர் ஹாதிம் இப்னு இஸ்மாயீல்; திர்மிதீயின் தொடரில் ஸைத் இப்னுல் ஹஸன், இவர் பலவீனமானவர். தொடர் பிரிகிற ஒரே கண்ணியில் சொல்லும் பிரிகிறது.

அதற்காகக் குடும்பத்தார் பற்றிய சொல்லே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது முஸ்லிமிலேயே இருக்கிறது, கும் நீர்நிலை உரையில், ஸைத் இப்னு அர்கம் (ரலி) வழியாக: அல்லாஹ்வின் வேதம், பிறகு “என் குடும்பத்தார் விஷயத்தில் அல்லாஹ்வை உங்களுக்கு நினைவூட்டுகிறேன்”. அதைச் சொல்வதற்கு முன் ஸைத் சொன்னதைப் படித்தபோது என் கண் கலங்கியது. “என் சகோதரன் மகனே, எனக்கு வயதாகிவிட்டது. காலம் போய்விட்டது. நபியவர்களிடமிருந்து மனத்தில் வைத்திருந்ததில் சிலவற்றை மறந்துவிட்டேன். நான் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லாததைச் சொல்லும்படி என்னை நெருக்காதீர்கள்.” இரண்டு தரப்பாரும் தூக்கிப் பிடித்து வாதாடுகிற ஓர் உரையின் சாட்சி, இவ்வளவு மென்மையாகத் தன் எல்லையைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறார்.

யாராவது எழுதி வைத்திருக்க மாட்டார்களா என்று உம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மக்கா வெற்றியின்போது நிகழ்ந்த உரைக்கு அப்படி ஒரு சம்பவம் இருக்கிறது. யமனிலிருந்து வந்த அபூ ஷாஹ் என்பவர் எழுந்து, எனக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார். “அபூ ஷாஹுக்கு எழுதிக் கொடுங்கள்” என்றார்கள் நபியவர்கள். விடைபெறும் ஹஜ்ஜில் அப்படி ஒருவர் கேட்டதாக நான் தேடிய நூல்களில் வரவில்லை. அங்கே இருந்தவை காதுகள். ஒலிபெருக்கி இல்லாத வெட்டவெளியில், நபியவர்களின் சொல்லை உரத்த குரலில் திருப்பிச் சொன்னவர் ரபீஆ இப்னு உமய்யா என்று இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார். பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் போட்டு வதைத்த உமய்யாவின் மகன் அவர். அன்று அதே இடத்தில் பாங்கு சொன்னவர் பிலால். இந்தச் செய்தியை இப்னு இஸ்ஹாக் அப்பாதின் மகன் யஹ்யாவிடமிருந்தும், யஹ்யா தம் தந்தை அப்பாதிடமிருந்தும் கேட்கிறார்கள். அப்பாதின் தந்தை அப்துல்லாஹ் இப்னு ஸுபைருக்கே அந்த ஹஜ்ஜின்போது பத்து வயது வாக்கில்தான். ஆகவே அப்பாத் அதைப் பார்த்திருக்க முடியாது; இந்த வழியில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது. வேறு வழியிலும் செய்தி வருவதால் நான் இதைத் தள்ளவில்லை, தாளிலும் போடவில்லை.

அம்ர் இப்னு காரிஜா (ரலி) எங்கே நின்று கேட்டேன் என்பதை இப்படிச் சொல்கிறார்: நபியவர்களின் ஒட்டகத்துக்கு அடியில் நின்றேன், அதன் வாயிலிருந்து உமிழ்நீர் என் மீது வழிந்துகொண்டிருந்தது. வாரிசுக்கு மரண சாசனம் இல்லை என்ற சட்டம் அந்த இடத்திலிருந்து நமக்கு வந்தது.

கடைசியாக 10ஆம் நாள் மினா உரை. இதன் முக்கிய சாட்சி அபூபக்ரா (ரலி). பழைய தாளில் அபூபக்ர் (ரலி) என்று அச்சாகியிருக்கிறது, முதல் கலீஃபா என்று நினைத்திருப்பார்கள். இவர் வேறு, பின்னாளில் பஸ்ராவில் குடியேறியவர். “இது எந்த நாள்?” என்று நபியவர்கள் கேட்டார்கள், வேறு பெயர் வைக்கப்போகிறார்களோ என்று எண்ணும் அளவுக்கு நாங்கள் அமைதியாக இருந்தோம் என்கிறார். இப்னு அப்பாஸ் அறிவிப்பிலோ மக்கள் உடனே “புனித நாள்” என்று பதில் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு பக்கம் பதில் எழுந்திருக்கலாம், இன்னொரு பக்கம் மௌனம் நின்றிருக்கலாம். ஒருவர் நடந்ததை விவரமாகச் சொல்ல, மற்றவர் கருத்தைச் சுருக்கிச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்காமல் இரண்டாகவே புகாரி வைத்திருக்கிறார். நானும் அப்படியே வைத்தேன்.

அபூபக்ராவின் செய்தி அவர் மகன் வழியாக முஹம்மத் இப்னு ஸீரீனிடம் வருகிறது. ஸனதைப் பற்றி முன்பெல்லாம் யாரும் கேட்கவில்லை, குழப்பம் தோன்றிய பிறகுதான் உங்கள் ஆட்களின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள் என்று சொன்னவர் இவர்தான். கேட்ட சொல்லைச் சொல் மாறாமல் சொல்கிறவர் என்று பெயர் பெற்றவர். “உங்கள் உயிரும் உடைமையும்” என்ற இடத்துக்கு வரும்போது, புகாரியில் இப்படி இருக்கிறது: முஹம்மத் சொன்னார், “‘உங்கள் மானமும்’ என்று சொன்னதாக நினைக்கிறேன்.”

புதிய தாளை நான்கு பகுதியாகப் பிரித்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் நாள், இடம், கேட்டவர் பெயர். பழைய தாளைவிட நீளத்தில் பாதிதான் வந்தது. அச்சகத்துக்காரர் மெய்ப்பு பார்த்துவிட்டு ராத்திரி போன் செய்தார்.

“காக்கா, மினா பகுதியில உயிர், உடைமைக்கு அடுத்து ‘மானமும் என்று சொன்னதாக நினைக்கிறேன்’னு ஒரு வரி நிக்குது. வேற இடத்துல இருந்து தப்பா ஒட்டிடுச்சு போல. எடுத்துரவா?”

இப்னு அப்பாஸ் அறிவிப்பில் அந்தச் சொல் ஐயமில்லாமல் இருக்கிறது, அதைப் பக்கத்திலேயே போட்டிருக்கிறோம், பாருங்கள் என்றேன்.

“அப்போ இது எதுக்கு?”

“அது இப்னு ஸீரீன் சொன்னது. இருக்கட்டும்” என்றேன்.